முத்துவின் உள்ளங்கை

முத்துலட்சுமியின் வலது உள்ளங்கை வெந்துபோனதற்கு நான்தான் காரணம்.

தீயை நான் வைக்கவில்லை. அந்த இடத்தில் நான் இருக்கவும் இல்லை. திருச்சுழிக்கு அப்பால் ஒரு கிராமத்து அம்மன் கோவில் வாசலில் அது நடந்தபோது, நான் பாளையம்பட்டியில் என் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஆனாலும் காரணம் நான்தான். ‘இல்லை’ என்று ஒரு வார்த்தை… அதைச் சொல்லியிருந்தால் போதும். நான் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். பொறாமை! அவ்வளவுதான். இதைவிடக் கௌரவமான காரணம் ஏதாவது கிடைக்காதா என்று இத்தனை வருடமாகத் தேடிப் பார்த்துவிட்டேன். கிடைக்கவில்லை.

அவளுடைய புருஷனைப் பார்த்தோ நகையைப் பார்த்தோ வந்த பொறாமை அல்ல. அப்படியிருந்தால் உங்களுக்குச் சட்டென்று புரிந்திருக்கும். என் பொறாமை ரெஜினாவினால் வந்தது. ரெஜினா என் சிநேகிதி. என் சிநேகிதி… இந்த ‘என்’னில்தான் எல்லா வினையும் இருந்தது.

ஆசிரியப் பயிற்சியில் நாங்கள் இருவரும் ஒரே விடுதி. வேலை கிடைத்ததும் ஒரே பள்ளிக்கூடம். கல்யாணமான பிறகும் பாளையம்பட்டியில் ஒரே வரிசையில் வாடகை வீடு பிடித்தோம். அவள் கத்தோலிக்கம், நான் புராட்டஸ்டண்டு. அவள் ஜெபமாலை உருட்டுவதை நான் கிண்டல் செய்வேன், எங்கள் கோவிலில் பிரசங்கம் நீளுவதை அவள் கிண்டல் செய்வாள். மத்தியானம் இரண்டு டிபன் பாக்ஸையும் திறந்து நடுவில் வைத்து, யாருடையது எது என்று பார்க்காமல் சாப்பிடுவோம். ரெஜினாவுக்கு என் சமையல்தான் சமையல். “எஸ்தரு கைப்பக்குவம் யாருக்கு வரும்?” என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லுவாள். அதைக் கேட்டு நான் பூரித்துப் போவேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் முத்துலட்சுமி எங்களுக்கு நடு வீட்டில் குடிவந்தாள். திருச்சுழிப் பக்கம் நிலபுலன் உள்ள குடும்பத்து மருமகள். புருஷன் சௌந்தரபாண்டிக்கு ஒரு நூற்பாலையில் பிட்டர் வேலை. வாய் ஓயாமல் பேசுவாள். சிரித்தால் தெருமுனை வரைக்கும் கேட்கும். என்னை ‘அக்கா’ என்று மரியாதையாகக் கூப்பிட்டாள். ரெஜினாவை? வந்த ஒரு மாதத்திலேயே ‘ரெஜி’!

ரெஜி… நான்கூட அப்படிக் கூப்பிட்டதில்லை.

அப்புறம் ஒவ்வொன்றாகப் போனது. சாயங்காலப் பேச்சு என் வீட்டிலிருந்து முத்துவின் வீட்டுக்குப் போனது. ரெஜினாவின் ஜாக்கெட்டை முத்து தைத்தாள். டிபன் பாக்ஸில் “இது முத்து குடுத்த தொவையல், தின்னு பாரு” என்று ஒரு மூலை முளைத்தது. தின்று பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் எரிச்சல்!

அந்தச் சமயத்தில் ஆலைக்கு ஜப்பானிலிருந்து புது இயந்திரங்கள் வந்தன. அவற்றை ஓட்டப் பழகிவர சௌந்தரபாண்டியை அங்கேயே அனுப்பினார்கள். சில மாதம் கழித்துத் திரும்பியவர், ஊருக்கெல்லாம் பேனாவும் சாவிக்கொத்தும் கொடுத்தார். முத்துவுக்கு மட்டும் ஒரு பொட்டலம் கொண்டுவந்திருந்தார். அதற்குள் கறுப்புக் காகிதம் போல ஏதோ அடுக்கடுக்காக இருந்தது. கடல்பாசியைக் காயவைத்துத் தகடாக்கியதாம். அதில் சோற்றைப் பரப்பி, நடுவில் மீனோ காயோ வைத்துச் சுருட்டி, வில்லை வில்லையாக அறுத்தால் அதற்குப் பெயர் சுஷி. அவர் தங்கியிருந்த வீட்டுக்காரம்மா செய்வதைப் பார்த்துப் பழகிக்கொண்டாராம்.

முத்துவுக்குக் கை சும்மா இருக்குமா? “சனிக்கிழமை சாயங்காலம் நம்ம மூணு பேரும் சேர்ந்து சுசி செய்யிறோம்” என்று வாசலில் நின்று அறிவித்துவிட்டாள்.

“பச்ச மீனையா திங்கச் சொல்றே?” என்றேன்.

“ஐயய்யோ, மீனாவது ஒண்ணாவது! ரெஜிக்கு ஈஸ்டருக்கு முந்துன தவசுக் காலம். எங்க ஊர்ல காப்பு கட்டியாச்சு. மீனு கெடையாது, முட்டகூடக் கெடையாது. வெள்ளரிக்கா, மாங்கா, கேரட்டு, அம்புட்டுத்தான். செலவே இல்லாத சப்பான் விருந்துக்கா, பயப்படாம வாங்க.”

இந்தக் காப்பு சமாச்சாரத்தை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பங்குனிப் பொங்கலுக்கு அம்மன் கோவிலில் காப்புக் கட்டிவிட்டால், அந்த ஊர்க்காரர்கள் எந்த டவுனில் குடியிருந்தாலும் திருவிழா முடியும்வரை வீட்டில் கவுச்சி புழங்கக் கூடாது. அதிலும் முத்துவின் கொழுந்தன் அந்த வருடம் அக்னிச்சட்டி எடுப்பதாக நேர்ந்திருந்தான். முத்து அதில் எவ்வளவு கண்டிப்பு என்றால், கருவாட்டுக்காரி தெருவில் வந்தால் வீட்டுக் கதவைச் சாத்திவிடுவாள். இதையெல்லாம் நான் கண்ணால் பார்த்தவள். மறந்துவிடாதீர்கள்… நான் பார்த்தவள்.

சனிக்கிழமை மத்தியானம் முத்து ஓடிவந்தாள். “அக்கா, எங்க ஸ்டவ்வு திரி கருகிப்போச்சு. சோறு மட்டும் நீங்க வச்சுத் தாறீகளா? வடிச்சிராதீக. கொழையப் பொங்கிருங்க. ஒட்டுனாத்தான் சுருட்ட வருமாம்.”

“சரி” என்றேன்.

பச்சரிசியைக் களைந்து உலையில் போட்டேன். பதம் வந்தது. அப்படியே மூடி இறக்கிவைத்தால் போதும். சுவருக்கு அந்தப் பக்கம் ரெஜினாவின் சிரிப்பு கேட்டது. “முத்து, நீ ஒரு ஆளுதான்டி!” என்றாள்.

நான் தட்டை எடுத்துப் பானை வாயில் கவிழ்த்தேன். சாய்த்து வைத்தேன். கஞ்சி ஒரு சொட்டு மிச்சமில்லாமல் வடியும்வரை பக்கத்திலேயே நின்றேன். பிறகு விசிறியால் வேறு வீசினேன். சோறு பொலபொலவென்று உதிர்ந்தது. பந்திக்குப் போட்டால் எல்லாரும் மெச்சுவார்கள். சுஷிக்கு ஆகவே ஆகாது.

எவ்வளவு அற்பம் பார்த்தீர்களா! வயது முப்பதைத் தாண்டியவள், நாற்பது பிள்ளைகளுக்கு நீதிபோதனை நடத்துகிறவள்… கஞ்சியை வடித்துப் பழிவாங்கினேன்!

விளக்கு வைக்கும் நேரத்துக்கு முத்துவின் வீட்டுத் தரையில் மூவரும் உட்கார்ந்தோம். சௌந்தரபாண்டி இரண்டாம் ஷிப்டுக்குப் போயிருந்தார். சோற்றில் வினிகரும் சர்க்கரையும் உப்பும் கலந்தாள் முத்து. சுருட்டுவதற்கு ஜப்பானில் மூங்கில் தட்டி உண்டாம். இவள் பனையோலைத் தடுக்கு ஒன்றைக் கழுவித் துடைத்து வைத்திருந்தாள். அதன்மேல் கறுப்புத் தகடு, தகட்டின்மேல் சோறு, நடுவில் மாங்காய்க் கீற்று. மூச்சைப் பிடித்துக்கொண்டு சுருட்டினாள். அரிவாள்மனையில் வைத்து அறுத்தாள்.

பொத்தென்று அத்தனையும் அவிழ்ந்தது. சோறு தரையெங்கும் சிதறியது.

எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. முத்து சோற்றை விரலால் நசுக்கிப் பார்த்தாள். பிறகு ஒரு கணம் என்னைப் பார்த்தாள். நான் கேரட்டைப் பார்த்தேன்.

“நம்ம அரிசிக்கு இது வராது போல ரெஜி” என்றாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். ரெஜினாவும் சேர்ந்துகொண்டாள். இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். “இருடி, விட்டுருவமா?” என்று முத்து ஒரு தகட்டைக் கிள்ளி, வெற்றிலை மடிப்பதுபோலக் கூம்பாக மடித்து, அதற்குள் சோறும் மாங்காயும் திணித்து, அரைத்த கடுகு ஒரு துளி தொட்டு, நேராக ரெஜினாவின் வாயில் வைத்தாள்!

கடுகு மூக்கில் ஏறியது. ரெஜினா துள்ளினாள், தும்மினாள், “இன்னொண்ணு!” என்றாள்.

எனக்கும் ஒன்று மடித்துத் தட்டில் வைத்தாள் முத்து. தட்டில்! ரெஜினாவுக்கு வாயில், எனக்குத் தட்டில். இதையெல்லாம் கணக்குப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். புளிப்பும் இனிப்பும் உப்பும் கடலின் வாடையுமாக… உண்மையைச் சொல்ல வேண்டுமே, அவ்வளவு ருசி! நான்தான் அதிகம் சாப்பிட்டேன். தகடு தீர்ந்ததும் முத்து முட்டைக்கோஸ் இலையை என் வீட்டு அடுப்பில் வதக்கிக்கொண்டு வந்து அதில் மடித்தாள். அதையும் தின்றேன். தின்னத் தின்ன வயிறு எரிந்தது.

கிளம்பும்போது ரெஜினா சொன்னாள்: “எஸ்தரு, சத்தியமாச் சொல்றேன், இப்பிடி ஒரு சாப்பாடு நான் சாப்பிட்டதே இல்ல.”

எத்தனை கிறிஸ்துமஸுக்கு நான் பொங்கிப் போட்டிருப்பேன்! அவளுடைய பிள்ளைப்பேற்றுக்கு மூன்று வேளையும் பத்தியம் வைத்துக் கொடுத்தவள் நான். ‘சாப்பிட்டதே இல்லை’யாம். அந்த ஒரு வாக்கியம் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டது.

அடுத்த வாரம் அவர்கள் ஊரில் திருவிழா. சௌந்தரபாண்டி மரத்தடியில் நாலு பேரை வைத்துக்கொண்டு ஜப்பான் கதை அளந்திருக்கிறார். அங்கே பச்சை மீனைத் தின்றதாகவும், அதே சாப்பாட்டைத் தன் பெண்டாட்டி போன வாரம் டீச்சர்களுக்குச் செய்து போட்டதாகவும் பெருமை அடித்திருக்கிறார். வெள்ளந்தி மனுஷன். மறுநாள் அக்னிச்சட்டி எடுத்துவந்த தம்பி, கோவில் வாசலில் கால் இடறி விழுந்துவிட்டான். சட்டி உடைந்து தீக்கங்கு மண்ணில் சிதறியது. ஊரே திகைத்து நின்றதாம். சட்டி எடுத்த வீட்டில் யாரோ சுத்தம் கெட்டுவிட்டார்கள் என்று பேச்சு கிளம்பியது. யார் என்று தேட வேண்டிய அவசியமே இல்லாமல், மரத்தடிக் கதை இருந்தது.

முத்து மறுத்திருக்கிறாள். “வெறும் மாங்காயும் வெள்ளரிக்காயும்தான் அத்தை” என்று தலையில் அடித்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள். சௌந்தரபாண்டி, அவர் பாவம், அன்று ஷிப்டில் இருந்தவர். என்ன சாட்சி சொல்வார்?

திருவிழா முடிந்து முத்து ஊரிலிருந்து திரும்பிய பிறகு, ஒரு நாள் காலை அவள் மாமியார் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். ரெஜினா காரியாபட்டியில் தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். அந்த அம்மாள் உட்காரவில்லை. தண்ணீர்கூட வேண்டாம் என்றுவிட்டார்.

“டீச்சரு, நீங்க வேதக்காரவுக. புள்ளைகளுக்குப் படிச்சுக் குடுக்கிறவுக. பொய் சொல்ல மாட்டீக. அன்னைக்கு எம் மருமக மீனு ஆக்குனாளா, இல்லையா? நீங்க இல்லைனு சொன்னா, நான் இப்பிடியே திரும்பிப் போயிருவேன். ஊர்ல எவ கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கிருவேன்.”

எவ்வளவு சுலபமாக்கிக் கொடுத்தார் பாருங்கள்! நான் வாயைத் திறந்தேன். சொல்லத்தான் போனேன். ஆண்டவர் அறிய, அந்தக் கணம்வரை சொல்லத்தான் நினைத்தேன்.

அதற்குள் அவரே தொடர்ந்தார்: “அந்த ரெஜினா டீச்சரைக் கேக்க மாட்டேன். அவுகளும் இவளும் ஒரே உசுரா ஒட்டிக்கிட்டுத் திரியிறாக. இவளுக்காக என்ன வேணாலும் சொல்லுவாக. அதான் உங்ககிட்ட வந்தேன்.”

ஒரே உசுரு!

ஊருக்கே தெரிந்துவிட்டது. திருச்சுழிக்கு அப்பால் வயல்காட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும் இந்த அம்மாளுக்குக்கூடத் தெரிந்துவிட்டது… நான் வெளியாள் என்று! வெளியாள் என்பதால்தான் என் சாட்சிக்கு மதிப்பு!

திறந்த வாயை மூடிக்கொண்டேன். தலையைக் குனிந்தேன். முந்தானை நுனியைத் திருகினேன்.

“டீச்சரு…?”

“என்னைய எதுக்கு அத்தை இதுல இழுக்கிறீக? அவகிட்டயே கேட்டுக்கங்க” என்றேன். மெல்லிய குரலில், மிகவும் சங்கடப்படுகிறவள் போல.

அந்த அம்மாள் “புரியுதும்மா” என்று சொல்லிவிட்டு அடுத்திருந்த முத்துவின் வீட்டுக்கு நடந்தார்.

நான் பொய் சொன்னேனா? எந்தக் கோர்ட்டில் வேண்டுமானாலும் என்னை நிறுத்துங்கள்… ஒரு பொய் வார்த்தைகூட என் வாயிலிருந்து வரவில்லை. இதைச் சொல்லிச் சொல்லித்தான் அன்று என்னைத் தேற்றிக்கொண்டேன். ஜன்னல் வழியே பார்த்தேன். முத்து தலைகூடச் சீவாமல் மாமியார் பின்னால் பஸ்ஸுக்கு நடந்தாள். என் வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஜன்னலை விட்டு விலகி, பரீட்சைத் தாளை எடுத்தேன்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் சொல்லை ஊர் நம்பாவிட்டால், சாமி முன்னால் சூடத்தை ஏற்றிக் கையால் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். சட்டென்று அடித்து அணைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொள்வார்கள், பெரிதாக ஒன்றும் சுடாது. முத்து எடுக்கவில்லை. பெரிய கட்டிச் சூடம். உள்ளங்கையை அதன்மேல் அழுத்தி அப்படியே வைத்திருந்தாளாம். “நான் மீனத் தொடல… தொடல… தொடல…” என்று கத்தினாளாம். கொழுந்தன்தான் ஓடிவந்து கையைப் பிடுங்கினானாம்.

சத்தியம் செய்தவளை ஊர் ஒன்றும் சொல்ல முடியாது. மாமியாரும் அதற்கப்புறம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் முத்துவின் கையால் ஒரு வாய்த் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. சாட்சி சொல்லத் தயங்கிய என் முகம் அவர் மனதில் இருந்திருக்குமே!

கையில் துணி சுற்றிக்கொண்டு முத்து திரும்பி வந்தாள். ரெஜினா பதறியடித்து ஓடினாள். கொப்புளம் ஆறும்வரை அவள்தான் முத்துவுக்குச் சோறு ஊட்டினாள், தலை பின்னிவிட்டாள், சின்னப் பிள்ளைக்குச் செய்வதுபோல முகம் கழுவிவிட்டாள்.

இப்போது சொல்லப் போவதுதான் எல்லாவற்றையும்விடக் கேவலம். வாசலில் நின்று அதைப் பார்த்த எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? இரக்கமா? பயமா? ரெஜினா எனக்கு ஒருநாளும் ஊட்டியதில்லையே என்று தோன்றியது! அப்போதும்… அப்போதும்கூட அதுதான்!

முத்து திரும்பி வந்த அன்று சாயங்காலம் ரெஜினா என்னைக் கேட்டாள்: “அவ மாமியா உங்கிட்ட வந்து கேட்டாகளாம்ல. நீ என்ன சொன்னேன்னு அவகிட்ட மூச்சே விடலையாம். நீ மீனு இல்லைனு சொன்னேல்ல?”

“சொன்னேன்டி. அவுக நம்பல.”

இது முழுப் பொய். இதற்கு எந்தக் கோர்ட்டிலும் தப்பிக்க முடியாது. ரெஜினா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அந்த வருடமே சௌந்தரபாண்டி கோயம்புத்தூர்ப் பக்கம் வேறு ஆலையில் வேலை தேடிக்கொண்டு குடும்பத்தோடு போய்விட்டார். ரெஜினா எனக்கே எனக்கென்று திரும்பக் கிடைத்தாள். டிபன் பாக்ஸ் இரண்டும் மறுபடி நடுவில் வந்தன. என் குழம்பைப் பிசைந்துகொண்டே அவள் முத்துவைப் பற்றித்தான் பேசுவாள். முத்து இருந்தபோதுகூட அவ்வளவு பேசியதில்லை.

சில வருடங்கள் கழித்து ரெஜினாவின் மகளுக்குக் கோவிலில் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, கொடுத்தார்கள். அதற்கு முத்து வந்தாள். பூசை முடிந்து, பந்தி முடிந்து, விருந்தாளிகள் எல்லாரும் போன பிறகு ரெஜினாவின் அடுப்படியில் நாங்கள் மூவரும் மிஞ்சினோம். முத்து பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். அதே கறுப்புத் தகடு! அவர்கள் ஆலைக்கு வந்த ஜப்பான்காரர் கொடுத்தாராம்.

ரெஜினா மாங்காய் பறிக்கக் கொல்லைக்குப் போனாள். நான் அரிசியைக் களைந்தேன். முத்து என் பக்கத்தில் வந்து நின்று, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

“அக்கா, இந்தத் தடவ வடிச்சிராதீக.”

களைந்த அரிசியையே மறுபடி களைந்தேன்.

“அன்னைக்கே தெரியும்க்கா எனக்கு. விரலால நசுக்குனதுமே தெரிஞ்சுபோச்சு. வேணும்னுதான வடிச்சீக?” கோபமே இல்லை. கண்ணில் பழைய சிரிப்பு. “ரெஜிய நான் பிரிச்சிட்டேன்னு உங்களுக்கு ஒரு ஆத்திரம். எனக்கா புரியாது? போகட்டும்க்கா. எங்க அத்தை வந்து மெரட்டி நின்னப்பவும் எனக்காகப் பேசுனீகளே… ரெஜி சொன்னா. அந்தத் தெருவுல வேற யாரு பேசுனா? அதுக்கு முன்னால இந்தச் சோறெல்லாம் ஒரு குத்தமா?”

சொல்லியிருக்கலாம்! அந்த இடத்தில், அந்த நொடியில்… ரெஜினாகூட இல்லை. நாங்கள் இருவர் மட்டுமே. இதைவிட ஒரு நேரம் எனக்கு வாய்க்காது என்று தெரிந்தது.

தலையை மட்டும் ஆட்டினேன்.

சோறு குழைந்து வந்தது. இந்த முறை சுருள் அவிழவில்லை. முத்து அழகாக வில்லை போட்டாள். முதல் வில்லையை எடுத்து ரெஜினாவின் பக்கம் போகாமல் என் பக்கம் திரும்பினாள். இத்தனை காலமும் எனக்கு எது கிடைக்கவில்லை என்று வெந்துகொண்டிருந்தேனோ, அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளங்கை நடுவே தோல் சுருங்கி, ரேகை அழிந்து, வழவழவென்று வெளுத்திருந்தது. விரல்கள் முழுதாக விரியவில்லை.

“வாயத் தொறங்கக்கா” என்றாள்.

திறந்தேன்… தின்பதற்கு.